சனிக்கிழமை வருகிற அப்பா

பெல்லாமி கவுண்டி ஷெரிப் அலுவலகம், இல்லினாய். அக்டோபர் 4, சனிக்கிழமை, மாலை 4.35 மணி. பதிவு செய்தவர்: துணை ஷெரிப் லாட்டிமர்.

என் பெயர் டேரின் ஹாகன். தகப்பனார் பெயர் லாயிட் ஹாகன், காலமாகிவிட்டார். வயது முப்பத்தொன்பது. எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். விலாசம் கேட்கப்பட்டது. எந்த விலாசம் என்று கேட்டேன். எத்தனை இருக்கிறது என்று துணை ஷெரிப் கேட்டார். மொன்டானா மாநிலம் ஃபேர்லி என்ற ஊரில் எனக்குச் சொந்தமாக ஒரு டிரெய்லர் வீடு இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் கம்பெனி முகாமில் எனக்கு ஒரு கட்டில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரு தடவை யோசிக்காமல் பதில் எழுதியதால்தான் இன்று இவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வாய் திறக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும், வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்றும், வசதி இல்லையென்றால் அரசாங்கமே இலவசமாக ஒருவரைத் தரும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டேன். திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிடுவார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பெற்ற பெண்ணைப் பார்க்க வழி கேட்டு மூன்று மாநிலத்தில் எட்டு மாதத்துக்கு மேல் அலைந்தவனுக்கு வக்கீல் கிடைக்கவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினால் திங்கட்கிழமையே கிடைக்கிறார். வக்கீல் இல்லாமலேயே பேசச் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்வருமாறு சொல்கிறேன்.

என் மனைவி பெயர் கெண்ட்ரா. எங்களுக்கு ப்ரின்லி என்று ஒரே பெண், வயது ஒன்பது. எனக்கு முகாமில் இரண்டு வாரம் வேலை, வீட்டில் இரண்டு வாரம் ஓய்வு என்று பதினொரு வருடமாக முறை. போன வருடம் ஆகஸ்ட் 11ஆம் தேதி, டென்னசியில் இருக்கும் தன் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்று கெண்ட்ரா ப்ரின்லியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். நவம்பர் கடைசியில் வரும் தாங்ஸ்கிவிங் பண்டிகைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். நான்தான் காரில் சாமான் ஏற்றிக் கொடுத்தேன், டயருக்குக் காற்றும் பார்த்தேன். "அவசரப்படாம வாங்க" என்று நானே சொன்னேன். அந்த வார்த்தையைப் பிற்பாடு அவளுடைய வக்கீல் கோர்ட்டில் வாசித்தார், ஏனென்றால் அதையே நான் போனிலும் எழுதி அனுப்பியிருந்தேன்.

அதன் பின்பு வீட்டில் ஆள் இல்லாததால் ஓய்வு வாரங்களிலும் முகாமிலேயே தங்கி கூடுதல் வேலை எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் என்னோடு வேலை பார்க்கும் ரஸ்டி என்பவர் வில் அம்பால் மான் வேட்டையாட லைசென்ஸ் எடுக்கலாம் என்றார். நான் மொன்டானாக்காரன், வெளி ஆள், எனக்குக் கட்டணம் பல மடங்கு ஆகும் என்றேன்.

"அட போடா, வருஷத்துல முக்கால்வாசி நாள் இங்கதான் குறட்டை விடுற. நீ வெளி ஆள்னா நான் யாரு, போப்பாண்டவரா?" என்றார் ரஸ்டி.

அதன் பின்பு நான் அவரோடு போய் ஓட்டுநர் உரிமத்தை முகாம் விலாசத்துக்கு மாற்றி, ஆறு மாதமாக வடக்கு டகோட்டாவில் வசிப்பவன் என்று உறுதிமொழி எழுதி, உள்ளூர்க்காரனாக மான் லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, கிணறு தோண்டும் ரிக்கில் பாதிப் பேரிடம் இந்த லைசென்ஸ் இருக்கிறது. எதற்காக என்று கேட்கப்பட்டது. ப்ரின்லிக்கு மான் சாஸேஜ் என்றால் உயிர். பண்டிகைக்கு அவள் வரும்போது ஃப்ரீசர் நிறைய இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அக்டோபரில் ஒரு மான் கிடைத்தது, சாஸேஜ் போட்டு ஃபேர்லி வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

தாங்ஸ்கிவிங்குக்கு அவர்கள் வரவில்லை, பள்ளியில் நாடகம் என்றாள் கெண்ட்ரா. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ரோடெல்லாம் பனி என்றாள். டிசம்பரில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க டிரெய்லர் வீட்டின் தண்ணீரை அடைத்துவிட்டு வந்தேன். ஜனவரி 14ஆம் தேதி, இனி திரும்பி வருவதாக இல்லை, பெண்ணுக்கு இங்கே பிடித்துவிட்டது என்று கெண்ட்ரா எழுதினாள். அவளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் கெட்ட தாய் என்று நான் சொன்னதாக எழுத வேண்டாம். பதினொரு வருடம் மாதத்தில் பாதி நாள் தனியாகக் கிடந்தவள் அவள். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, உறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை.

அதன் பின்பு ஜனவரி 21ஆம் தேதி ஃபேர்லி நூலகத்தில் நடக்கும் சட்ட உதவி மேசைக்குப் போனேன். அங்கே மார்லிஸ் என்ற அம்மாள் இருந்தார். முப்பது வருடம் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வக்கீல் இல்லை. எந்தப் படிவம் என்று சொல்லலாம், கேள்வியை வாசித்துக் காட்டலாம், ஆனால் என்ன எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது, சொன்னால் மேசையையே மூடிவிடுவார்கள் என்பது விதி. அதை முதலிலேயே சொல்லிவிட்டார். குழந்தை ஆறு மாதம் எங்கே வசித்ததோ அந்த மாநிலத்துக் கோர்ட்தான் வழக்கை எடுக்கும் என்றும், குழந்தை கிளம்பிப் போன பிறகும் பெற்றவர்களில் ஒருவர் பழைய மாநிலத்திலேயே வசித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஆறு மாதத்துக்குள் அங்கே மனுப் போடலாம் என்றும் ஒரு துண்டுத் தாளில் அச்சடித்திருந்ததை என்னிடம் கொடுத்தார். எனக்கு இன்னும் இருபத்தொரு நாள் மிச்சம் இருந்தது. நேரத்தோடு வந்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். அந்தத் தாளில் பாதியைத்தான் படித்தேன்.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, மனுதாரர் தற்போது வசிக்கும் மாநிலம் எது என்பது. நான் வடக்கு டகோட்டா என்று எழுதினேன்.

மார்லிஸ் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒன்பதாவது கேள்விய நான் ஒரு தடவ வாசிக்கிறேன், கேளுங்க தம்பி" என்றார். வாசித்தார்.

"எழுதிட்டேம்மா."

"இன்னொரு தடவ வாசிக்கட்டுமா?"

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதும்மா."

"தெரியும். இருந்தாலும் வாசிக்கிறேன்." மூன்றாவது தடவை வாசித்தார், 'வசிக்கும்' என்ற இடத்தில் விரலால் மேசையைத் தட்டினார். பிறகு, "உங்க சட்டை துணியெல்லாம் எங்க இருக்கு?" என்றார்.

"முகாம்லதான். இந்தக் குளிர்ல வேற எங்க இருக்கும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ முதுகுவலி போல என்று நினைத்தேன். மான் லைசென்ஸில் வடக்கு டகோட்டா என்று சத்தியம் செய்து எழுதிவிட்டு, கோர்ட்டில் மொன்டானா என்று எழுதினால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும் என்பதுதான் என் மனதில் ஓடியது. நேர்மையாக இருக்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது. அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று தடவை வாசித்த மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது?

அதன் பின்பு ஜனவரி 23ஆம் தேதி மனு பதிவாகியது. பிப்ரவரி 11ஆம் தேதியோடு ப்ரின்லி டென்னசிக்குப் போய் ஆறு மாதம் முடிந்தது. அதற்காகவே காத்திருந்தாற்போல 20ஆம் தேதி கெண்ட்ராவின் வக்கீல் டென்னசியில் மனுப் போட்டார். மார்ச் 19ஆம் தேதி இரண்டு மாநில நீதிபதிகளும் போனில் பேசினார்கள். இரண்டு இடத்தில் வழக்கு இருந்தால் அப்படிப் பேசித் தீர்ப்பது அவர்கள் வழக்கமாம். நானும் போனில் இருக்கலாம் என்றார்கள். ரிக்கில் சத்தம் என்பதால் என் பிக்கப் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டேன். முதலில் எங்கள் நீதிபதி அங்கே பூவெல்லாம் பூத்துவிட்டதா என்று கேட்டார். அந்த நீதிபதி, பூத்துவிட்டது, தும்மல்தான் தாங்கவில்லை என்றார். அதன் பின்பு என் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியையும் மான் லைசென்ஸையும் கெண்ட்ராவின் வக்கீல் வாசித்தார்.

எங்கள் நீதிபதி என்னிடம், "ஃபேர்லி வீட்டுல இப்பத் தண்ணி வருதா, மிஸ்டர் ஹாகன்?" என்று கேட்டார்.

அடைத்து வைத்திருக்கிறேன் என்றேன். உறைந்துவிடும் என்பதால் அடைத்தேன் என்றும் சொன்னேன், ஆனால் அதற்குள் அவர் நன்றி சொல்லிவிட்டார். குழந்தையும் தாயும் மொன்டானாவில் இல்லை, தகப்பனும் இல்லை, ஆகவே இங்கே வழக்கு இல்லை என்று முடித்தார். மொத்தம் பதினேழு நிமிடம், அதில் மூன்று நிமிடம் பூவும் தும்மலும்.

ஐந்து நாள் கழித்து, ஜனவரியில் பெயர் கொடுத்து வைத்திருந்த இலவச சட்ட உதவியிலிருந்து ஒரு வக்கீல் கூப்பிட்டார். சின்னப் பெண் குரல். "ஐயோ, அந்தக் கட்டத்துல ஏன் சார் அப்படி எழுதுனீங்க?" என்றார். இப்போது திருத்த முடியுமா என்று கேட்டேன். வழக்கே இங்கே இல்லையே சார் என்றார். வடக்கு டகோட்டாவில் கேட்டேன், எங்கள் மாநிலத்துக் கோர்ட்டில் வழக்கு இல்லை என்றார்கள். டென்னசியில் கேட்டேன், நாங்கள் எங்கள் மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத்தான் உதவுவோம் என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று இடத்திலும் மற்ற இடத்து நம்பரைக் கொடுத்தார்கள்.

மே மாதம் டென்னசியில் உத்தரவு ஆயிற்று. நான் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஆறு வரை ப்ரின்லியைப் பார்க்கலாம், மாநிலத்தை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. முகாமிலிருந்து அவர்கள் இருக்கும் கோல்டர் ஸ்பிரிங் ஆயிரத்து நானூறு மைலுக்கு மேல். ஓய்வு வாரம் வரும்போதெல்லாம் போனேன், ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், ஒன்றையும் விடவில்லை. தெரியாத ஊரில் வீடு இல்லாமல் ஒரு குழந்தையை எட்டு மணி நேரம் வைத்துக்கொள்வது எப்படி என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பூங்கா, மழை வந்தால் பெரிய கடை, கடையில் கால் வலித்தால் பிக்கப். ப்ரின்லி முகம் சுளிக்க மாட்டாள், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கவும் மாட்டாள். செப்டம்பரில் அவள் பேச்சில் அந்த ஊர் இழுவை வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் அனுப்பும்படி மனுப் போட்டிருந்தேன், வரும் மார்ச்சில் விசாரிப்பதாக பதில் வந்தது. கிறிஸ்துமஸ் கேட்டால் மார்ச் கொடுக்கிறார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு கெண்ட்ராவின் அக்கா வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தினேன். ப்ரின்லி பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இது யார் என்று கேட்டாள்.

ப்ரின்லி, "எங்க அப்பா. சனிக்கிழம வருவாங்க" என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. தபால்காரர் வருவார் என்பதுபோல, இருப்பதைச் சொன்னாள். கெண்ட்ரா வாசலில் நின்று ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்து, "ஆறு மணி, டேரின்" என்றாள். சரி என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எண்ணம் இல்லை. பூங்காவுக்குப் போகும் வழியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. நேரே போய் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே ஓட்டினேன். முன்கூட்டியே திட்டமிட்டதா என்று கேட்கப்பட்டது. இல்லை. பிக்கப்பில் அவளுக்கு மாற்றுத்துணி ஒன்றுகூட இல்லை, பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பின்பு, கென்டக்கி உங்களை வரவேற்கிறது என்ற பலகை வந்தது. ப்ரின்லி அதைப் படித்தாள்.

"அப்பா, இது டென்னசி இல்ல."

"ஆமா கண்ணு."

"கென்டக்கிக்குப் போலாம்னு ஜட்ஜ் சொன்னாங்களா?"

"இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நம்ம வீட்டுக்குப் போறோம். உன் கட்டில், உன் பனிச் சறுக்குப் பலகை எல்லாம் அப்படியே இருக்கு. மான் சாஸேஜ் இருக்கு."

"எப்ப செஞ்சது?"

"போன வருஷம்."

"போன வருஷமா? உவ்வே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃப்ரீசர்ல இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று அவளே சமாதானம் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், "திங்கக்கிழம ஸ்கூல்ல கொடி ஏத்துற முறை எனக்குப்பா" என்றாள். நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவள் வருகிற பலகையையெல்லாம் படித்துக்கொண்டே வந்தாள்.

அதன் பின்பு ஒஹாயோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இல்லினாய்க்குள் வந்து, சுமார் இரண்டு மணிக்குச் சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். பாத்ரூம் போக வேண்டும் என்று ப்ரின்லி உள்ளே போனாள். நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக, அவள் கல்லாவில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொல்வதும், அந்தப் பெண் போனை எடுத்துக் கொடுப்பதும் தெரிந்தது. ப்ரின்லி பேசினாள். இடையில் நிறுத்தி, கல்லாப் பெண்ணிடம் இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண் வெளியே பலகையைக் காட்டினாள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. பிக்கப்பில் ஏறவும் இல்லை.

"அப்பா, எனக்கு சாக்லேட் பால் வேணும்" என்றாள்.

"அங்கதான இருந்த, எடுத்திருக்கலாமே?"

"நீங்க வாங்கிக் குடுங்க."

டேங்க் நிறைந்திருந்தது, சாவி கையில் இருந்தது. அவளைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு கிளம்ப அரை நிமிடம் போதும். உள்ளே போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவரையும், கையில் டயப்பர் பொட்டலத்தோடு நின்ற ஒரு பெண்ணையும் முன்னால் போகச் சொன்னேன். கல்லாப் பெண் என் முகத்தைப் பார்க்காமலேயே பணத்தை வாங்கினாள். வெளியே வந்து பாலைக் கொடுத்தேன்.

ப்ரின்லி அதைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். "இது சின்னதுப்பா. பெரிசு வேணும்" என்றாள்.

"அப்படியா? சரி, மாத்திட்டு வரேன்" என்றேன்.

இரண்டாவது தடவை வரிசையில் நிற்கும்போது ஷெரிப் அலுவலக வண்டி வந்தது. துணை ஷெரிப் லாட்டிமர் இறங்கி முதலில் ப்ரின்லியிடம் போய்க் குனிந்து பேசினார், அது எனக்குப் பிடித்திருந்தது. பெரிய பாலுக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அதை அவளிடம் கொடுக்க அனுமதி கேட்டேன். கொடுக்கச் சொன்னார். அதன் பின்பு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் பார்க்காதபடி வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய் விலங்கு மாட்டினார். அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இனி மாதம் ஒரு சனிக்கிழமையும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளும்படி துணை ஷெரிப்பிடம் கேட்டேன்.

"எழுத முடியாதுங்க. போன் வந்த டேப்புல பொண்ணு குரல்தான இருக்கு?" என்றார்.

"அந்த டேப்பை யார் யார் கேப்பாங்க?"

"ஜட்ஜ் கேப்பாரு, வக்கீலுங்க கேப்பாங்க."

"அவளும் ஒருநாள் கேப்பா சார். பெரியவளானா இந்தப் பேப்பரையெல்லாம் எடுத்துப் படிப்பா. எங்கப்பாவ நான்தான் மாட்டிவிட்டேன்னு நெனச்சுக்குவா."

அவர், டேப்பை மாற்ற முடியாது, ஆனால் நான் சொல்வதை எழுதலாம் என்றார். ஆகவே சொல்கிறேன். ப்ரின்லி போன் பண்ணியதை நான் பார்த்தேன். எதற்காகப் பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பால் வாங்கப் போனேன், இரண்டு தடவையும். அவள் என்னை ஏமாற்றவில்லை. அவள் நிற்கச் சொன்னாள், நான் நின்றேன்.

இந்த வாக்குமூலம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, முழுவதும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. இதில் உள்ளதெல்லாம் உண்மை. தலைப்புப் பக்கத்தில் 'தப்பிச் செல்லும்போது பிடிபட்டார்' என்று இருந்ததை அடித்து, 'பெட்ரோல் நிலையத்தில் காத்திருந்தார்' என்று எழுதச் சொன்னேன். துணை ஷெரிப் அப்படியே திருத்தி எழுதினார், ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட்டோம்.

(ஒப்பம்) டேரின் ஹாகன்
மாலை 6.00 மணி